மெர்சென் தந்த பட்டியல்

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். எண் சிறிதாயின் வகுத்தே உண்மையை அறியலாம். 39 இலக்கங்கள் கொண்டதாயின் வகுத்து முடிக்க ஆயுள் போதாது. அத்தகைய எண்ணையும் ஆராய்ந்து தீர்ப்புக் கூற மனிதன் கற்ற வரலாறு சுவையானது.

மாரின் மெர்சென் என்பவர் பிரெஞ்சு நாட்டுத் துறவி; அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். இரண்டின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3, 7, 31, 127 எனப் பகா எண்கள் சில பிறக்கும். எல்லா அடுக்குகளுக்கும் இது பொருந்தாது. 11ஆம் அடுக்கில் வரும் 2047 என்பது 23, 89 ஆகிய இரண்டின் பெருக்கமே. 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே பகா எண் தருவன என்று 1644இல் மெர்சென் எழுதினார். சான்று காட்டினாரில்லை.

1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் வழியைக் கண்டார். லெமர் என்பார் பின்னர்ச் செப்பனிட்ட வடிவில் அதனைக் கூறுகிறேன். நான்கில் தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியைக் கொள்க. அம்மீதிக்கும் அவ்வாறே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்தபின் மீதி சுழியமாயின் அது பகா எண். அன்றேல் பகு எண். அடுக்கு மட்டும் இரண்டினும் பெரிய பகா எண்ணாக இருத்தல் வேண்டும்.

31ஐச் சோதிப்போம். இது ஐந்தாம் அடுக்கில் வருவது. ஆகவே மூன்று தடவை. முதலில் 14. அடுத்து 194, மீதி 8. அடுத்து 62, மீதி சுழியம். 31 பகா எண்ணே!

127ஆம் அடுக்கில் வரும் 39 இலக்க எண் பகா எண்ணே என லூக்கா நிறுவினார். 1951 வரை அதனினும் பெரிய பகா எண்ணை எவரும் அறிந்திலர். 67ஆம் அடுக்கில் வருவதோ பகு எண் எனக் கண்டார். ஆயினும் அதன் காரணிகள் புலப்படவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287. மெர்சென் சேர்த்த 257உம் பிழையாயிற்று; அவர் விட்ட 61, 89, 107 ஆகியவை பகா எண் தருவனவாயின. பட்டியலில் பிழைகள் ஐந்து!

2024இல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணொன்று கணிப்பொறிகளால் கண்டறியப்பட்டது. அதனை உறுதிசெய்யவும் இம்முறையே உதவிற்று.

இதனால் மெர்செனை எள்ளுதல் தகாது. அவர் பட்டியல் இட்டமையாலன்றோ பிறர் ஆராயப் புகுந்தனர்! எனினும் சொன்னவர் பெருமை சான்றாகாது, சான்றே சான்றாகும். என் சொல்லையும் அவ்வாறே சோதியுங்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து, 127ஐ ஐந்து தடவையிலும் 2047ஐ ஒன்பது தடவையிலும் ஆராய்ந்து, முடிவை நீங்களே கண்டு தெளிவீர்களாக.