'பை' வராத இடங்கள்: ஆங்கில இறந்தகால எச்சத்தைத் தொடரும் சொற்கள்

ஆங்கில இலக்கணக் கையேடுகளில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். 'இன்ட்ரஸ்டட்' வந்தால் 'இன்', 'சர்ப்ரைஸ்டு' வந்தால் 'அட்', 'மேரீட்' வந்தால் 'டு', 'சேட்டிஸ்ஃபைடு' வந்தால் 'வித்'. ஏன் என்று கேட்டால், அது மரபு, மனப்பாடம் செய் என்பார்கள். அதே கையேட்டில் செயப்பாட்டுவினைக்குத் தனி அத்தியாயம் உண்டு. அங்கே எச்சத்தின் பின்னால் 'பை' வரும். இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பாஸ்ட் பார்ட்டிசிபிள் எனப்படும் இறந்தகால எச்சம் ஒரு வாக்கியத்தில் வினையாகவே நிற்கிறதா, பெயரடையாக மாறிவிட்டதா, துணைவினையாகத் தேய்ந்துவிட்டதா என்பதைப் பொறுத்தே அதைத் தொடரும் சொல் பெரும்பாலும் அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மரபுக்கும் பங்கு உண்டு. ஆனால் கையேடுகள் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

'ஃப்ரைட்டண்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாய் ஒன்று குரைத்தபடி பாய்ந்தது, சிறுவன் மிரண்டுபோனான் என்றால் அவன் 'ஃப்ரைட்டண்ட் பை எ டாக்'. அதே சிறுவன் நாயே இல்லாத அறையில் உட்கார்ந்து சோறு தின்கிறான். நாய் என்றாலே அவனுக்குப் பயம் என்று சொல்ல வேண்டுமானால் 'ஃப்ரைட்டண்ட் ஆஃப் டாக்ஸ்'. முன்னதில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதை நிகழ்த்திய நாயும் இருக்கிறது. பின்னதில் எதுவும் நிகழவில்லை. அது அவன் சுபாவம். 'வொரீட் பை', 'வொரீட் அபவுட்' என்பவற்றுக்கிடையிலும் இதே இடைவெளிதான். கவலையைக் கிளப்பியது எது என்பதை 'பை' காட்டுகிறது. மனம் எதைச் சுற்றி வருகிறது என்பதை 'அபவுட்' காட்டுகிறது. முன்னிடைச்சொல் மாறும்போது எச்சத்தின் சொல்வகையே மாறுகிறது. எழுத்து வடிவம் ஒன்றாகவே இருப்பதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

இதைச் சோதிக்க மொழியியலாளர் கையாளும் கருவிகள் எளியவை. 'வெரி' என்ற சொல் பெயரடையோடு சேரும், வினையோடு சேராது. 'வெரி ஃப்ரைட்டண்ட் ஆஃப்' இயல்பாக ஒலிக்கும். எழுதப்பட்ட கடிதத்தை யாரும் 'வெரி ரிட்டன்' என்பதில்லை. 'சீம்' என்ற வினைக்குப் பின் பெயரடை தடையின்றி வரும். 'அன்' என்ற எதிர்மறை முன்னொட்டு இன்னும் கூர்மையான சான்று: 'அன்எஜுகேட்டட்' உண்டு, 'அன்எஜுகேட்' என்று ஒரு வினை இல்லை. தாமஸ் வாசோ 1977இல் செயப்பாட்டு வடிவங்களைப் பெயரடை சார்ந்தவை, வினை சார்ந்தவை என இரண்டாகப் பிரித்தபோது இத்தகைய சோதனைகளையே நம்பினார். பெத் லெவினும் மல்கா ரப்பபோர்ட்டும் 1986இல் அந்தப் பெயரடைகள் உருவாகும் முறையை விரிவாக ஆராய்ந்தனர்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. 'வெரி இம்ப்ரெஸ்டு பை' என்று ஆங்கிலேயர் அன்றாடம் பேசுகிறார்கள். 'அன்டச்டு பை' என்ற தொடரில் 'அன்'னும் இருக்கிறது, 'பை'யும் இருக்கிறது. அப்படியானால் 'பை' வினையின் அடையாளம் என்பது எப்படி நிற்கும்? நிற்காதுதான். குவெர்க்கும் அவர் தோழர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல், முழுச் செயப்பாட்டுவினைக்கும் வெறும் பெயரடைக்கும் இடையே ஒரு சாய்தளத்தை வரைந்து, இரண்டு குணமும் கொண்டவற்றை நடுவில் வைத்தது. அதை ஏற்றுக்கொண்டே என் வாதத்தை ஒருவழிப் பாதையாகச் சுருக்குகிறேன்: 'பை' வந்தால் எச்சம் வினை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் செய்தவரையோ காரணத்தையோ சுட்டும் 'பை'யின் இடத்தில் 'ஆஃப்', 'இன்', 'அபவுட்' வந்து உட்கார்ந்தால் அந்த எச்சம் வினை வீட்டை விட்டு வெளியேறிவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

'டு' வரும் இடங்களில்தான் சிக்கல் அதிகம், சுவையும் அதிகம். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு: பெயரை ஏற்கும் முன்னிடைச்சொல் ஒன்று, இன்ஃபினிட்டிவுக்கு முன் நிற்கும் குறி மற்றொன்று. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் இந்த முன்னிடைச்சொல் வேற்றுமை உருபேற்ற வினைவடிவத்தோடு வந்தது. 'டோ சிங்கென்னெ' என்பது ஏறக்குறைய நம் 'பாடுவதற்கு' போன்ற அமைப்பு. இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ஈறு தேய்ந்து உதிர்ந்தது, 'டு' வெறும் குறியானது.

இந்தப் பிரிவினை முடிந்த கதை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையில் 'அக்கஸ்டம்டு டு டூ' என்று இன்ஃபினிட்டிவ் வருவது சாதாரணம். இன்றைய வழக்கு 'அக்கஸ்டம்டு டு டூயிங்'. 'அக்கஸ்டம்டு' ஒரு நிலையைக் குறிக்கும் பெயரடையாக இறுகியதும், அதன் 'டு' பழகிய பொருளைச் சுட்டும் முன்னிடைச்சொல்லாகவே உணரப்பட்டது. பெயர் நிற்கும் இடத்தில் தொழிற்பெயர் வந்து அமர்ந்தது என்றே இந்த மாற்றத்தை நான் விளக்குவேன். 'கமிட்டட்', 'டெவோட்டட்', 'ஒப்போஸ்டு' ஆகியவையும் இதே வரிசையில் நிற்கின்றன.

'யூஸ்டு டு' இதன் உச்சம். முன்பு ஒரு செயலைச் செய்வது வழக்கம் என்றால் 'யூஸ்டு டு கோ'. ஒன்று பழகிப்போய்விட்டது என்றால் 'ஆம் யூஸ்டு டு கோயிங்'. கத்தி வெட்டப் பயன்படுகிறது என்றால் 'இஸ் யூஸ்டு டு கட்'. மூன்றையும் எழுதினால் ஒரே வடிவம். வாயால் சொன்னால் முதலிரண்டில் ஒலிப்பில்லா உரசொலி, மூன்றாவதில் ஒலிப்புடைய உரசொலி. தமிழெழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லாதது நம் மாணவருக்கு ஒரு கூடுதல் இடைஞ்சல். கத்தியின் 'யூஸ்டு' உயிருள்ள வினை, அதன் பின்னால் வருவது நோக்கம். மற்ற இரண்டும் 'டு'வோடு ஒட்டிக்கொண்டு ஒலி மாறியவை. பழைய ஆங்கிலேயர் நிகழ்காலத்திலும் 'யூஸ் டு' என்றனர். இன்று அந்த வழக்கு இறந்தகாலத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதலாவது 'யூஸ்டு' எச்சம்கூட அல்ல, இறந்தகால வினைமுற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையேடுகள் மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்குவது ஒலியைக் கேளாமல் எழுத்தை மட்டும் பார்ப்பதால் வரும் வினை.

'சப்போஸ்டு டு' அதே பாதையில் போகும் உண்மையான எச்சம். 'யூ ஆர் நாட் சப்போஸ்டு டு ஸ்மோக் ஹியர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், நீங்கள் இங்கே புகைப்பீர்கள் என்று யாரும் கருதவில்லை என்றாகும். கேட்பவருக்குப் புரிவதோ, இங்கே புகைபிடிக்கக் கூடாது என்பது. எதிர்மறை 'கருதுதல்' மேல் விழாமல் 'புகைத்தல்' மேல் விழுகிறது. 'மஸ்ட் நாட்' போன்ற துணைவினைகளின் போக்கு இது. பேச்சில் அது 'சப்போஸ்ட்டு' என்று சுருங்குவதும், ஆங்கிலேயரே இறுதி எழுத்தை விட்டுவிட்டு எழுதுவதும் இந்தத் தேய்மானத்தின் தடயங்கள்.

'ஹி இஸ் செட் டு பி ரிச்' வகை வாக்கியங்கள் சற்று வேறு. தமிழில் 'அவர் பணக்காரராம்' என்று ஓர் 'ஆம்' போட்டு முடித்துவிடுகிறோம். செய்தித்தாள் தமிழ் மட்டும் 'கூறப்படுகிறது' என்று சுமக்கிறது. ஆங்கில 'செட் டு' செய்யும் வேலையும் அந்த 'ஆம்' செய்வதுதான்: சொன்னவர் யார் என்பது முக்கியமில்லை, பொறுப்பு என்னுடையதல்ல என்பதே செய்தி. ஆனால் 'தே செட் ஹிம் டு பி ரிச்' என்ற செய்வினை ஆங்கிலத்தில் செல்லாது. 'ரெப்யூட்டட்', 'ரூமர்டு' ஆகியவற்றின் நிலையும் அதுதான்.

நம் வகுப்பறைகளில் 'சேஞ்ச் த வாய்ஸ்' பயிற்சி இன்னும் அரசாள்கிறது. அதில் இத்தகைய வாக்கியங்களைக் கொடுத்தால், 'பீப்பிள் சே தட்' என்று தொடங்கும் வேறொரு வாக்கியத்தை மாணவர் விடையாக எழுதுகிறார், ஆசிரியரும் மதிப்பெண் போடுகிறார். பாடநூல் எழுதுவோர் முதலில் இவற்றை அந்தப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இவற்றுக்கு நேரான செய்வினை ஆங்கிலத்தில் இல்லை.