பொட்டி வாங்கப் போன கதையும் கொஞ்சம் சரித்திரமும்

"வீடியோ எடிட் பண்ண எந்த புராசஸர், எந்த மதர்போர்டு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், பி.காம். படித்துவிட்டு வங்கியில் ஆணி பிடுங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நழுவிவிடுவேன். இந்தத் தடவை கேட்டது தங்கமணி. நழுவ வழியில்லை.

விஷயம் இதுதான். அலமாரியில் ஆறு மினி டி.வி. கேசட்டுகள் இருக்கின்றன. (டி.வி. என்றால் இங்கே தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ.) 2005 தொடக்கத்தில் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு நடந்த மணிவிழாவை நான் எடுத்தது. அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். கேசட்டில் இருப்பது காந்தப் பூச்சு. நாளாக ஆக அதில் இருக்கும் படமும் உதிரும். கூடவே, காலேஜ் போகும் மகளுக்குக் குறும்பட ஆசை. ஒரு செலவில் இரண்டு வேலை என்று புதுப் பொட்டிக்கு அனுமதி கிடைத்தது.

கடன் கேட்டு வருகிறவரிடம் மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட் கேட்பது எங்கள் தொழில் வழக்கம். பழசைப் பார்க்காமல் பணம் தரமாட்டோம். ஆனால் 2005ல் நானே அந்த விதியை மீறினேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

அப்போதும் டில்லிதான். ஏப்ரல் மாதம், நேரு பிளேஸ், மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. "சாப், யே சப்சே தேஜ் ஹை" என்றான் பையன். அட்டைப்பெட்டியில் கிகாஹெர்ட்ஸ் எண் பெரிதாக இருந்தது. வாங்கிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் 80 ஜிபி. மினி டி.வி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். ஆறு கேசட், 78 ஜிபி. விண்டோஸை எங்கே வைப்பது? இரண்டிரண்டு கேசட்டாக ஏற்றி, வேண்டியதை வெட்டி எடுத்து, மீதியை அழித்தேன். கடைசியில் 40 நிமிஷ டிவிடி ஒன்று வந்தது. அதை உருவாக்கப் பொட்டி ராத்திரி முழுக்க ஓடியது. தப்பு பொட்டியுடையது இல்லை. எண்ணைப் பார்த்து மயங்கிய என்னுடையது.

இனி நான் அன்று பார்க்காமல் விட்ட பேலன்ஸ் ஷீட்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. உள்ளே இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒரே சப்ளையரை நம்பி இருக்க ஐ.பி.எம்.முக்கு விருப்பமில்லை. இன்னொருவரும் அதே சில்லைச் செய்து தரவேண்டும் என்றது. அதனால் 1982ல் இன்டெலுக்கும் ஏ.எம்.டி.க்கும் ஒப்பந்தம். 1985ல் 386 வந்தபோது இன்டெல் அதைப் பகிர மறுத்தது. வழக்குகள் நடந்தன. 1991ல் ஏ.எம்.டி. தன் சொந்த 386ஐ இறக்கியது. இன்றைக்கு நாம் கடையில் நின்று "இதுவா, அதுவா?" என்று கேட்க முடிவதற்கு, வாங்குகிறவர் அன்று போட்ட அந்த ஒரு நிபந்தனைதான் ஆரம்பம். ஜாமீன் இல்லாமல் கடன் தராத மேனேஜர் மாதிரி நடந்துகொண்டது ஐ.பி.எம்.

மதர்போர்டின் கதை இன்னும் சுவாரசியம். சாக்கெட் 7 காலத்தில் ஒரே போர்டில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் எதை வேண்டுமானாலும் செருகலாம். 1997ல் பென்டியம் 2க்காக ஸ்லாட் 1 என்று இன்டெல் தனி வழி போனது. ஏ.எம்.டி.யும் தனக்கென்று வேறு வழி போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து புராசஸரைத் தேர்ந்தெடுத்தால் போர்டின் ஜாதியும் சேர்ந்தே முடிவாகிவிடுகிறது.

வீடியோ எடிட்டிங் இந்தக் கதைக்குள் கொஞ்சம் தாமதமாகத்தான் நுழைகிறது. 1989ல் வந்த அவிட், ஆப்பிள் மெக்கின்டாஷில் ஓடிய ஸ்டூடியோ சமாச்சாரம். 1994ல் வந்த நம்ம ஊர் 'மகாநதி', இந்தியாவில் அவிட்டில் எடிட் செய்த முதல் படங்களில் ஒன்று. அன்று வீட்டில் வீடியோ எடிட் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1995ல் டி.வி. வகைக் கேசட்டும், கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஃபயர்வயரும் வந்தபின்தான் மாற்றம். கேமராவே படத்தை எண்ணாக மாற்றித் தந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வேலை, வினாடிக்கு ஏறக்குறைய 3.6 மெகாபைட் வீதம் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும்தான். அப்போது முட்டுக்கட்டை ஹார்ட் டிஸ்க், புராசஸர் இல்லை.

அடுத்த முட்டுக்கட்டை புராசஸர். 1997ல் எம்.எம்.எக்ஸ்., 1999ல் எஸ்.எஸ்.இ. என்று படம், ஒலிக்காகவே தனிக் கட்டளைகள் சேர்ந்தன. பிறகு வேகப் பந்தயம். 2000 மார்ச் 6ல் ஏ.எம்.டி. 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாள் கழித்து இன்டெல். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வருகிறது வருகிறது என்றார்கள். சூடு தாங்கவில்லை, 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். எண்ணை நம்பி இனிப் போக முடியாது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. நான் அதற்கு ஆறு மாசம் கழித்துப் போய் எண்ணை நம்பினேன் :) அடுத்த மாசமே, 2005 மே மாதம், இரட்டைக் கோர் புராசஸர்கள் வந்துவிட்டன.

இன்னொரு தடை நினைவகம். 32 பிட் கணக்கில் 4 ஜிபிக்கு மேல் போகத் தகராறு. 2003ல் ஏ.எம்.டி. 64 பிட்டுக்கு வழி காட்டியது. 2004ல் இன்டெலும் அதே வழியை எடுத்துக்கொண்டது. 2010ல் வந்த அடோபி பிரீமியர் சிஎஸ்5 64 பிட்டில் மட்டுமே ஓடியது.

இங்கே மதர்போர்டு மறுபடி தலை காட்டுகிறது. 2004ல் எல்ஜிஏ 775 சாக்கெட் வந்தது. 2006ல் வந்த கோர் 2 டுவோவும் அதே 775தான். ஆனால் பழைய 915 சிப்செட் போர்டில் செருகினால் ஓடாது. குழியில் உட்காரும், வேலை செய்யாது. 2017ல் அதே கதை: எல்ஜிஏ 1151 என்ற பெயர் மாறவில்லை, ஆனால் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குப் புது போர்டு வேண்டும். அதே 2017ல் ஏ.எம்.டி. ரைசனுடன் எட்டுக் கோரைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022 வரை புதுப்புது புராசஸர்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் 2020ல், பழைய போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்றார்கள். வாங்கினவர்கள் சத்தம் போட்டதும் பின்வாங்கினார்கள்.

வீடியோக்காரர்களுக்கு முக்கியமான வருஷம் 2011. செல்போன், கேமரா எல்லாம் இறுக்கிச் சுருக்கிய வீடியோ எடுக்க ஆரம்பித்த காலம். சுருக்கியதை விரித்துத்தான் எடிட் செய்ய முடியும். அதற்குப் பொட்டி திணறும். அந்த வேலைக்கென்றே இன்டெல், புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் குவிக் சின்க் என்று ஒரு தனிப் பகுதியை வைத்தது. ஆனால் பி67 போர்டு வாங்கினவர்களுக்கு அந்தப் பகுதி இருந்தும் இல்லாத கணக்கு. அந்த போர்டில் உள் கிராபிக்ஸுக்கு வழியே கிடையாது. புராசஸருக்குக் கொடுத்த காசில் பாதியைப் போர்டு முழுங்கியது போலத்தான். சில மாதங்கள் கழித்து இசட்68 வந்து அதைச் சரிசெய்தது. இன்றும் பெயர் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் புராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, எனவே குவிக் சின்க்கும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை எடுத்து வீடியோ எடிட் செய்யப் போகிறவர் யோசித்துக்கொள்ளவும்.

பேலன்ஸ் ஷீட் படித்து முடித்ததும் எனக்குப் பட்டது இது. புராசஸர் வீடு, மதர்போர்டு மனை. வீட்டை இடித்துக் கட்டலாம். மனை கோணல் என்றால் எல்லாமே கோணல். முட்டுக்கட்டை ஹார்ட் டிஸ்கிலிருந்து புராசஸருக்கும், கோருக்கும், வீடியோவை விரிக்கும் பகுதிக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்து எங்கே போகும் என்று தெரியாதவன் மாற்றத்துக்கு இடம் உள்ள மனையைத்தான் வாங்கவேண்டும்.

எனக்கோ இன்னொரு சிக்கல். என் கேசட்டுக்கு ஃபயர்வயர் வேண்டும். என் கேமராவில் யுஎஸ்பி இருக்கிறது, ஆனால் அதில் போட்டோதான் வரும். புதுப் போர்டுகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. பழைய பிசிஐ கார்டு செருகும் இடமும் கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஃபயர்வயர் கார்டு கிடைக்கிறது. அதற்கு ஒரு சின்ன ஸ்லாட் காலியாக இருக்கவேண்டும். தடியான கிராபிக்ஸ் கார்டு போட்டால் அது பக்கத்து ஸ்லாட்டை மூடிவிடும். எனவே கடையில் நான் முதலில் பார்த்தது புராசஸரை இல்லை. போர்டின் படத்தை விரித்து, ஸ்கேல் வைக்காத குறையாக ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் எடுத்தது ஏஎம்5 சாக்கெட், பி650 போர்டு, ஆறு கோர் ரைசன் 5 7600. உள் கிராபிக்ஸ் உண்டு. 2022ல் வந்த இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு என்று ஏ.எம்.டி. 2024ல் அறிவித்திருக்கிறது. பயாஸைப் புதுப்பித்தால் 9000 வரிசையும் ஓடும். மகளின் படம் பெரிதானால் புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 32 ஜிபி நினைவகம், 2 டிபி டிஸ்க். 78 ஜிபி இப்போது ஒரு மூலையில் கிடக்கும்.

ஞாயிறு காலை முதல் கேசட்டைப் போட்டேன். ஃபயர்வயரில் வேகமாக ஏற்ற முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். உட்கார்ந்து பார்த்தோம்.

2005ல் நான் "சத்தம்" என்று வெட்டி எறிந்த பகுதி வந்தது. கேமரா எங்கோ தோரணத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். மாலையும் கழுத்துமாக அப்பா சமையல்காரரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "மொதப் பந்தி எத்தன எல? ரெண்டாவது எத்தன? அப்பறம் எப்படிங்க இருநூத்தி நாப்பது வரும்?"

அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "அவரு கணக்கு சரிதான், அந்த ஆளுதான் கூட்டிச் சொன்னான்" என்றார்.

மூன்றாவது கேசட்டில் நாலைந்து நிமிஷம் கட்டம் கட்டமாக உடைந்து போயிருக்கிறது. கேமராவின் தலையைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன், பாதி திரும்ப வந்தது. இன்னும் மூன்று கேசட் பாக்கி. அடுத்த ஞாயிறு லீவு எங்கேயும் போகவில்லை.