பழக்கமில்லாத காய்ச்சல்

1934ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையின் தென்மேற்கில் காய்ச்சல் தொடங்கியது. மழை பொய்த்த வருடம். ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்புக்கு வேண்டியது அதுதான்: வெயில் படுகிற தெளிந்த தண்ணி. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள்.

எங்கே செத்தார்கள் என்பதைப் பாருங்கள். அநுராதபுரம் மாதிரியான வரண்ட குளத்து நாடுகளில் மலேரியா வருசா வருசம் வந்துபோகிற விருந்தாளி. உடம்பு கொஞ்சம் பழகியிருந்தது. அடி விழுந்தது கேகாலை போன்ற, மழை கொட்டுகிற, அந்தக் காய்ச்சலை அதிகம் அறியாத ஊர்களில்தான்.

1946 அளவில் வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் முழுத் தீவிலும் 17 நோயாளிகள். பதினேழே பதினேழு! கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. மருந்தடி நின்றது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கிற வேலையும் தளர்ந்தது. எலஹெர பக்கம் இரத்தினக்கல் தோண்ட ஆட்கள் குவிந்தார்கள், தோண்டிய குழிகளில் தண்ணி நின்றது. 1969இல் நோயாளிகள் 5 லட்சத்துக்கும் மேல். ரேச்சல் கார்சனின் புத்தகத்தால்தான் மருந்தடி நின்றது என்று இன்னமும் எழுதுகிறார்கள். சுத்தப் பொய். நோய் போய்விட்டது என்று நம்பினார்கள், நிறுத்தினார்கள். அவ்வளவுதான். மறுபடி அடிக்கப் போனபோது டிடிடி நுளம்புக்குப் பழகிவிட்டிருந்தது.

சான்றிதழுக்கு முன் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல். 2016 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் இப்போது படித்து வரும் டொக்டர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதே இல்லை. காய்ச்சல் என்றால் "டெங்குவாத்தான் இருக்கும்" என்கிறோம் நாங்களும். 2017இல் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல் டெங்கு கண்ட நாடு, வேறென்ன நினைக்கும்? பிளேட்லெட் இரண்டிலும்தான் குறையும். ஆனால் ஆபிரிக்காவில் வேலைக்குப் போய் ஃபால்சிபாரம் வகையோடு திரும்பியவருக்கு இரண்டு மூன்று நாள் தாமதமே உயிராபத்து.

சான்றிதழ் வந்த அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி பிடிபட்டது. சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்புகிற அதே நுளம்பு. மன்னாரிலும் அது கிணறுகளில்தான் இருந்தது. ஓபிடியில் காய்ச்சலோடு வருகிறவரிடம் "அண்மையில வெளிநாடு எங்கயும் போனீங்களா?" என்று கேட்க அரை நிமிசம் போதும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிற நாளில் அந்தக் கேள்விதான் முதலில் விடுபடுகிறது.