எழுதிய விதியும் எழுதாத விதியும்

இங்கிலாந்து ரக்பி யூனியன் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜேம்ஸ் பீட்டர்ஸ். 1879இல் சால்ஃபர்டில் பிறந்தவர். தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். சிறுவயதில் சர்க்கஸில் குதிரைச் சவாரி வித்தை காட்டினார். கை முறிந்ததும் கைவிடப்பட்டு, அநாதை இல்லங்களில் வளர்ந்து, தச்சு வேலை கற்றார். பிரிஸ்டலிலும் பிளிமத்திலும் ‘ஃபிளை ஹாஃப்’ ஆக ஆடிப் பெயர் பெற்றார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே நின்று, பந்து கைக்கு வந்த கணத்திலேயே ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்ய வேண்டிய இடம் அது. 1906 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காகக் களமிறங்கினார். 1908க்குள் ஐந்தே ஆட்டங்களோடு அந்த வாய்ப்பு முடிந்தது. அவர் பாதையை அடைத்தது திறமைக் குறைவு அல்ல, அன்றைய ரக்பியைக் காவல் காத்த இரண்டு விதிகள் என்பதே என் வாதம்.

முதலாவது, எழுதாத நிறவிதி. 1906இல் தென்னாப்பிரிக்க அணி சுற்றுப்பயணம் வந்தபோது, டெவன் மாவட்ட அணியில் பீட்டர்ஸைக் கண்டு ஆடத் தயங்கியது. சமாதானம் செய்தபின்பே ஆட்டம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸில் அந்த அணிக்கு எதிராக நடந்த சர்வதேச ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. நிறவெறி இருந்திருந்தால் அவரை ஏன் முதலில் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆட்டத்துக்கு முன்னும் ஆடினார், பின்னும் ஆடினார். இடையில் தென்னாப்பிரிக்கா வந்த நாளில் விலக்கப்பட்டார். விருந்தாளியின் வெறுப்புக்கு வீட்டுக்காரர் இடம்கொடுத்தார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இரண்டாவது, எழுதிய விதி: ஆட்டத்துக்காகக் காசு வாங்கக் கூடாது. வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுசெய்யக்கூட மறுத்ததால்தான் 1895இல் வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. பிளிமத்தில் கப்பல் பட்டறை விபத்தில் பீட்டர்ஸ் மூன்று விரல்களை இழந்தார். கைத்தொழிலாளிக்கு விரலே பிழைப்பு. அவருக்கெனத் திரட்டிய நிதியை வாங்கினார் என்பதற்காக ரக்பி சங்கம் அவரைத் தடைசெய்தது. விதி எல்லோருக்கும் பொதுதானே என்பார்கள். சொத்துள்ளவனுக்கு அது வெறும் கௌரவம். தச்சனுக்கோ அதுவே தண்டனை. 1913இல் அவர் வடக்கே போய் பாரோவுக்கும், பிறகு செயின்ட் ஹெலன்ஸுக்கும், அந்தப் பிரிவிலிருந்து உருவான ரக்பி லீக் ஆடினார்.

1988இல் கிறிஸ் ஓட்டி வரும்வரை இன்னொரு கறுப்பின வீரர் இங்கிலாந்து ரக்பி யூனியன் அணியில் ஆடவில்லை. அந்த எண்பது ஆண்டு இடைவெளியையும் சேர்த்துப் படித்தால்தான் பீட்டர்ஸின் வரலாறு முழுமையாகும்.