மேலவைக்கு வாக்களித்தவர்கள்

ஈரவை கொண்ட சட்டமன்றத்தில் ஒரே நாட்டு மக்கள் இரண்டு விதமாகப் பிரதிநிதித்துவம் பெறுகிறார்கள். கீழவை உறுப்பினர் ஒரு நிலப்பகுதியில் வாழும் அனைவருக்கும் பொறுப்பானவர். மேலவை உறுப்பினர் யாருக்குப் பொறுப்பானவர் என்பதை அந்தந்தக் காலத்துச் சட்டமே வகுத்தது. சென்னை மாகாணத்தில் 1937-இல் தோன்றித் தமிழ்நாட்டில் 1986-இல் முடிவுக்கு வந்த மேலவையின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணம், பீகார், அஸ்ஸாம் ஆகிய ஆறு மாகாணங்களுக்கு இரண்டு அவைகளை வழங்கியது. சென்னையில் கீழவைக்கு 215 இடங்கள். அவற்றுள் 146 பொதுத் தொகுதிகள். அவற்றில் 30 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, நிலவுடைமையாளர், வணிகம் மற்றும் தொழில்துறை, தொழிலாளர் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 6 என இடங்கள் பிரிக்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இடம் இருந்தது. 1937 தேர்தலில் ராஜாஜி அந்தப் பல்கலைக்கழகத் தொகுதியில் வென்றுதான் மாகாணப் பிரதமரானார்.

மேலவை அமைப்பில் சமூகப் பிரிவோடு சொத்தும் சேர்ந்துகொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட 46 உறுப்பினர்களில் 35 பேர் பொதுத் தொகுதிகளிலிருந்தும், 7 பேர் முஸ்லிம், 3 பேர் இந்தியக் கிறிஸ்தவர், ஒருவர் ஐரோப்பியர் தொகுதியிலிருந்தும் வந்தார்கள். இவர்களோடு ஆளுநர் நியமித்த சிலரும் இருந்தார்கள். மேலவை வாக்காளராவதற்கான சொத்துத் தகுதி கீழவைக்கானதைவிட மிக உயர்ந்தது. இந்த அவை கலைக்கப்படுவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற்றார்கள். மக்கள் எழுச்சி கீழவையை உலுக்கினாலும் செல்வந்தரின் மேலவை அதற்குத் தடுப்பாக நிற்கும் என்பது ஆட்சியாளரின் கணக்கு. 1937 தேர்தலில் கீழவையில் 159 இடங்களைப் பிடித்த காங்கிரஸ், மேலவையிலும் 27 இடங்களை வென்றது. கணக்கு பொய்த்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் சமூகத் தொகுதிகளையும் சொத்துத் தகுதியையும் நீக்கி, மேலவைக்குப் புதிய வாக்காளர்களை வகுத்தது. 171-ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கை நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும், மூன்றில் ஒரு பங்கைக் கீழவையான சட்டப் பேரவையின் உறுப்பினர்களும், பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சிய இடங்களுக்கு இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தவர்களை ஆளுநர் நியமித்தார். பட்டதாரிகள் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் மூன்று ஆண்டுகளாவது கற்பித்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு விவசாயிக்குச் சட்டமன்றத் தேர்தல்களில் இருந்தது ஒரு வாக்கு. உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த பட்டதாரி ஆசிரியருக்கு மூன்று: பேரவைக்கு ஒன்று, பட்டதாரி தொகுதிக்கு ஒன்று, ஆசிரியர் தொகுதிக்கு ஒன்று. வாக்களிக்கும் முறையும் வேறு. மேலவைத் தேர்தலில் வேட்பாளர் பெயருக்கு எதிரே முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். முதல் விருப்பம் பெற்றவர் தோற்று விலக்கப்பட்டால் அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும்.

பட்டதாரிகளின் பிரதிநிதி பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டுமா என்ற வழக்கும் சென்னையில்தான் எழுந்தது. 1970-இல் சென்னை மாவட்டப் பட்டதாரி தொகுதியில் வென்றவர் பள்ளி இறுதித் தேர்வு வரை மட்டுமே படித்தவர். தொகுதியின் நோக்கத்தைச் சுட்டி உயர் நீதிமன்றம் அவரது தேர்வை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1972-இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது: சட்டம் கல்வித் தகுதியை விதித்தது வாக்காளருக்கு மட்டுமே, வேட்பாளருக்கு அன்று. தாங்கள் நம்பும் எவரையும் அனுப்பும் உரிமை பட்டதாரிகளுக்கு உண்டு என்பது அதனால் உறுதியானது.

அதிகாரத்தில் மேலவை பேரவைக்குக் கீழேயே இருந்தது. பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. பிற மசோதாக்களை முதல் முறை மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதமும் மட்டுமே தாமதப்படுத்தலாம். ஆயினும் அமைச்சராவதற்கு மேலவை ஒரு வாசலாக இருந்தது. 1952 தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ் ராஜாஜியை நாடியது, ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். மக்களைச் சந்திக்காமல் வந்தார் என்ற கண்டனம் அப்போது பலமாக எழுந்தது. 1954-இல் முதலமைச்சரான காமராஜர் இந்த வழியைத் தவிர்த்து, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று பேரவைக்குள் வந்தார். 1967-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபடி முதலமைச்சரான அண்ணா மேலவையைத் தேர்ந்தெடுத்தார்.

1986 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியான தி.மு.க. பல நகராட்சிகளைக் கைப்பற்றியது. மேலவையின் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு உள்ளாட்சி உறுப்பினர்களே வாக்காளர்கள் என்பதால் அந்த வெற்றி மேலவை இடங்களாக மாறும் நிலை உருவானது. நியமன உறுப்பினர் ஒருவர் குறித்த சர்ச்சையும் சேர்ந்துகொண்டது. மே 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு மேலவையை நீக்கக் கோரும் தீர்மானத்தைப் பேரவையில் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, நவம்பர் 1 அன்று மேலவை மறைந்தது. அதன் கடைசித் தலைவர் ம.பொ.சிவஞானம்.

தி.மு.க. ஆட்சிகள் மேலவையை மீட்கத் தீர்மானம் போடுவதும் அ.தி.மு.க. ஆட்சிகள் அதைத் திரும்பப் பெறுவதும் அதன்பின் வாடிக்கையானது. 2010-இல் 78 இடங்களுடன் மேலவை அமைக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது, தேர்தல் நடப்பதற்குள் 2011-இல் ஆட்சி மாறியது, முயற்சி நின்றது.

கலைக்கப்பட்டபோது மேலவையில் 63 இடங்கள். உள்ளாட்சிக்கு 21, பேரவை உறுப்பினர்களுக்கு 21, பட்டதாரிகளுக்கு 6, ஆசிரியர்களுக்கு 6, நியமனத்துக்கு 9. இவற்றில் 42 இடங்கள் ஏற்கெனவே கட்சி அரசியலில் வென்றவர்களின் கையில் இருந்தன. பேரவைக்கு வெளியே தனிக்குரல் தரக்கூடிய வாக்காளர்களிடம் இருந்தவை 12 மட்டுமே. மேலவையின் வாழ்வும் சாவும் கட்சிகளின் வெற்றி தோல்வியோடு பிணைந்ததற்கு இந்தப் பங்கீடே அடிப்படைக் காரணம். இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 234 உறுப்பினர்கள் கொண்ட ஓரவை மட்டுமே.