பல்லில்லா இலைகளின் சூத்திரம்

மூலம்:

ஆண்டுச் சராசரி வெப்பநிலை = 30.6 × பல்லற்ற இனங்களின் பங்கு + 1.14

மழையளவின் இயல் மடக்கை = 0.548 × இலைப்பரப்பு மடக்கைகளின் சராசரி + 0.768

உரை:

முதல் வரியை 1993இல் ஸ்காட் விங், டேவிட் கிரீன்வுட் இருவரும் எழுதினார்கள். ஜாக் வுல்ஃப் 1979இல் வெளியிட்ட கிழக்காசியக் காடுகளின் கணக்கு அதற்கு அடிப்படை. இரண்டாம் வரி, 1998இல் பீட்டர் வில்ஃப் குழுவினர் தந்தது. கல்லில் பதிந்த இலைகளை அளந்து, அந்தக் காடு கண்ட வெயிலையும் மழையையும் சொல்ல இவை பயன்படுகின்றன.

பல்லற்ற – விளிம்பு மழுமழுவென்று இருப்பது. மாவிலை பல்லற்றது, வேப்பிலை பல்லுள்ளது. குளிர்ந்த காடுகளில் பல்லுள்ள மரங்கள் அதிகம் என்பதை பெய்லியும் சின்னாட்டும் 1915இலேயே கவனித்தார்கள். எது பல்? விளிம்பின் வெட்டு நடுநரம்பை நோக்கிக் கால்பங்கு தூரத்துக்குள் நின்றால் பல், தாண்டினால் மடல். புழு கடித்த இடமும் கல்லில் பல்லைப் போலவே தெரியும். லென்ஸில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: நிஜப் பல்லுக்குள் நரம்பு போய் முடிந்திருக்கும்; கடித்த இடத்தில் பாதியில் அறுந்திருக்கும், ஓரம் தடித்தும் இருக்கும்.

இனங்களின் பங்கு – இலைகளின் பங்கு அல்ல. ஓர் இனத்துக்கு ஆயிரம் இலை கிடைத்தாலும் கணக்கில் ஒன்றுதான். இருவித்திலை மரவகைகள் மட்டுமே சேரும். வேம்பு வெப்பநாட்டு மரம், ஆனாலும் பல்லுள்ளது. ஆகவே தனி இலை எதையும் சொல்லாது, காடு முழுவதும் சேர்ந்துதான் சொல்லும். இருபது இனங்களில் பத்து பல்லற்றவை என்றால் விடை 16.4 டிகிரி செல்சியஸ். இருபதே இனங்களை எண்ணியதால் மட்டும் வரும் பிழை சுமார் 3.4 டிகிரி! அந்தத் தசமப்புள்ளியை நம்புகிறவர் பாவம்.

30.6, 1.14 – கிழக்காசியாவின் எண்கள். ஆஸ்திரேலியாவுக்கு இவை பொருந்தாது. ஆற்றங்கரை மரங்களில் பல்லுள்ளவை கூடுதலாக இருப்பதால் விடை குளிர்ச்சியின் பக்கம் சாயும். புதைபடிவ இலைகளோ பெரும்பாலும் ஆற்று வண்டலில்தான் கிடைக்கின்றன.

இலைப்பரப்பு – சதுர மில்லிமீட்டரில். நீளத்தை அகலத்தால் பெருக்கி, மூன்றில் இரு பங்கு எடுப்பது வழக்கம். 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் என்றால் 4,800 சதுர மி.மீ. காட்டின் சராசரி அதுவானால் ஆண்டு மழை ஏறத்தாழ 224 செ.மீ. பிழையையும் சேர்த்தால் 157 முதல் 321 வரை எதுவாகவும் இருக்கலாம். தவிர, பெரிய இலைகள் புதையுமுன் கிழிந்துபோகின்றன. அவற்றை விட்டுவிட்டு முழு இலைகளை மட்டும் அளந்தால் மழை குறைத்தே மதிப்பிடப்படும்.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் இந்த வரிகளை நான் தள்ளமாட்டேன். ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்த இரண்டு காலங்களை ஒப்பிடும்போது ஓட்டைகள் பலவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் பிக்ஹார்ன் படுகையில், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறிய காலத்து இலைகளை விங் குழுவினர் இப்படித்தான் படித்தார்கள். 2005இல் அவர்கள் சொன்ன முடிவு: வெப்பம் சுமார் 5 டிகிரி உயர்ந்தது; மழை முதலில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்து, பிறகு மீண்டது.

ஒற்றை எண்ணை மட்டும் நீட்டும் ஆய்வைப் படித்தால், எத்தனை இனங்களை எண்ணினார்கள் என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.