நல்லதண்ணியின் தண்ணீருக்குப் பணம் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்?

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வளைந்து வளைந்து செல்கிறது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும். 1969இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்துக்காக ஒரு நகரமே இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடிய நம்மவர்களுக்கு, மின்சாரத்துக்காக ஊரை விட்டவர்களின் கதை புரியாததல்ல.

சிவனொளிபாதமலையின் சரிவுகளில் ஊறும் நீர் ஓடைகளாகி, மஸ்கெலிய ஓயாவாக இந்த நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. இங்கிருந்து கென்யன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு, களனி கங்கையாகக் கொழும்பை நோக்கிப் போகிறது. தலைநகரின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இந்த நீரைக் காப்பது மலையுச்சிக் காடு மட்டுமல்ல. காட்டுக்குக் கீழே இருக்கும் தேயிலை மலைகளில் மண் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கான் வெட்டாத, கல்லணை சரிந்த, செடி செத்து வெறுமையாகிப்போன மலையிலிருந்து மழைக்கு மண் கரைந்து நீர்த்தேக்கத்தில் படிகிறது.

நல்லதண்ணிக்கு அருகே ஒரு தோட்டத்தில், படங்கைக் கழற்றிவிட்டு மலையிலிருந்து இறங்கிய அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "கான் வெட்டாட்டி மண்ணு பூரா ஆத்துக்குத்தான் போகும் தம்பி. அது எங்களுக்கும் தெரியும். ஆனா கிலோ கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க. மண்ண காப்பாத்துனதுக்கு யாரு பேரு போடுவா?" என்றார்.

அவர் கேட்டதைத்தான் உலகம் 'சூழல் தொகுதிச் சேவைகளுக்கான கொடுப்பனவு' என்கிறது.

கொடுப்பனவு என்றால் என்ன?

காடும் மண்ணும் நமக்குத் தரும் நன்மைகள், அதாவது தூய நீர், வெள்ளத் தடுப்பு, மண் பிடிப்பு, கரிமச் சேமிப்பு போன்றவை, சூழல் தொகுதிச் சேவைகள் எனப்படும். இவற்றைக் காப்பதற்காக மேல்நிலத்தில் உழைப்பவருக்கு, கீழே அந்த நன்மையைப் பெறுபவர் பணம் கொடுப்பதே இந்த ஏற்பாடு. அது நன்கொடை அல்ல, நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தம். நிலத்தைக் காத்தால் பணம் வரும், காக்காவிட்டால் வராது.

நியூயோர்க் நகரம் 1997இல், தனக்கு நீர் தரும் கெட்ஸ்கில் மலைப்பகுதிச் சமூகங்களோடு உடன்படிக்கை செய்தது. பல பில்லியன் டொலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதை விட, மேட்டுநில விவசாயிகள் மண்ணையும் ஓடையையும் காக்க உதவுவது மலிவு என்று கணக்குப் பார்த்தது. கொஸ்டாரிக்கா 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம், எரிபொருள் வரியின் ஒரு பங்கைக் காடு காப்பவர்களுக்கு வழங்கத் தொடங்கியது.

இலங்கையில்

ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே பரிந்துரைத்தார். சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ அதை அறிவித்தது. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டது. இவற்றில் தடையும் உண்டு, கடமையும் உண்டு. ஆனால், மலையில் மண்ணைக் காப்பவருக்கென்று கொழும்பின் தண்ணீர்ப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

அப்படி ஒரு வரி நாளை வந்தாலும் பணம் யாருக்குப் போகும் என்பதுதான் என் கவலை. இத்தகைய கொடுப்பனவு வழக்கமாகக் காணி உறுதியைத் தேடித்தான் போகும். தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 வருடக் குத்தகையாக மாறியது. தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டியவர்களில் பெரும்பாலானோர் லயன் அறைக்குக்கூட உறுதி இல்லாதவர்கள். வீட்டுத் திட்டங்களில் பேசப்படும் 7 பேர்ச் காணியே பலருக்கு இன்னும் கனவுதான்.

இதற்குள் ஆபத்தும் இருக்கிறது. கொழுந்தை விடக் காடு வளர்ப்பில் வருமானம் கூடுதல் என்று குத்தகைக்காரர் நினைத்தால், வேலையும் வீடும் இழப்பது தொழிலாளிதான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களுக்கு இது நன்கு விளங்கும். மீள்குடியேறித் திரும்பியபோது தங்கள் காணிக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டவர்கள் வடக்கில் பலர். காடு காப்பது நல்ல காரியம். ஆனால் உறுதி இல்லாதவரை வெளியே தள்ளிவிட்டுக் காப்பது இன்னொரு காணி பறிப்பு.

என்ன செய்யலாம்?

கொஸ்டாரிக்காவிலும் ஆரம்பத்தில் உறுதி இல்லாத சிறு விவசாயிகள் பலர் விடுபட்டுப் போனார்கள். பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டன. பழங்குடிப் பிரதேசங்கள் தனித்தனி உறுதி இல்லாமல், சமூகமாக ஒப்பந்தம் செய்கின்றன. இங்கும் தோட்டக் குடியிருப்பாளர்கள் கூட்டாக ஒப்பந்தக்காரர் ஆகலாம். கான் வெட்டு, கல்லணை, ஓடைக்கரை மரநடுகை ஆகியவை நாட்கூலிக்கு மேலதிகமாக, அளந்து பணம் கொடுக்கும் வேலைகளாகலாம். தண்ணீர், மின்சாரப் பட்டியல்களிலிருந்து ஒரு சிறு பங்கு அதற்குப் போகலாம். குடியிருப்புக் காணிக்கு உறுதி வழங்குவது இதற்கெல்லாம் முதற்படி.

இது வெறும் பணக்கணக்கு அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மண் காக்கப்படாவிட்டால் கொழும்பில் தண்ணீர் கலங்கும். மலையில் அதே மண் லயன் கூரைமேல் விழும்.

ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர் வைத்தவர்கள் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். அந்த நீரைக் காக்கும் உழைப்புக்கும் செக்ரோலில் ஒரு பேர் விழ வேண்டும்.